கொடுவாளுக்குப் போட்ட திகில் இசை

இன்று வெள்ளிமலை பஸ்ஸில், அருவி பார்க்க வந்த ஒரு பெண் கொலைப்படம் ஒன்றின் தொடக்கத்தைப் போனில் சத்தமாக ஓடவிட்டார்.

கல்வராயன் மலை, மூடுபனி, தோளில் கொடுவாளோடு ஒருவன், திகில் இசை. வசனமே இல்லாமல் கொலைகாரன் யாரென்று சொல்லிவிட்டார்கள்.

கரியாலூரில் ஒரு விவசாயி ஏறினார். பஸ் என்பதால், மலையில் எல்லோரும் செய்வதுபோல் கொடுவாளைச் சாக்கில் சுற்றியிருந்தார். பிடி மட்டும் தெரிந்தது.

அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளை வெடுக்கென்று மடிக்கு இழுத்தார்.

"இன்னாத்துக்கும்மா பயப்படறீங்க? மரவள்ளிக் குச்சி வெட்டப் போய்க்கினு இருக்கேன்" என்றவர், அந்தப் பெண்ணின் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் கடைசிவரை நின்றுகொண்டே வந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றே நிமிடத்தில் ஒரு மலையையே கொலைகாரனாக்கிவிட்டார்கள்.

நண்பர்களே, அந்த இயக்குநர் வீட்டு அரிவாள்மணைக்கு என்ன இசை போடலாம்?