கடைசி ஓட்டை

நம்பாதவர்களை வற்புறுத்த எனக்குப் பொழுதில்லை. கடிகாரம் சித்தப்பாவின் பீரோவில் இன்னும் இருக்கிறது. வேண்டுமானால் வந்து பாருங்கள். தொட மட்டும் விடமாட்டார்.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். சித்தியின் தம்பி ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன். அங்கே தினமும் மதியம் லிஃப்ட் தானாக ஒன்பதாவது மாடிக்குப் போய்த் திறந்து நிற்கிறது என்று புகார். வாட்ச்மேன்தான் பொழுது போகாமல் பட்டனை அமுக்கி விளையாடுகிறான் என்று செக்ரட்டரி முடிவு கட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள் கோளாறு எதுவும் தெரியவில்லை என்றால் அவனுக்குச் சீட்டுக் கிழியும்.

"சத்தியமா நான் அமுக்கல, மாமா."

"சத்தியத்த வச்சு ஒயர மாத்த முடியுமா? இரு, பாக்கறேன்."

பார்த்தார். ஒயர், பட்டன், மோட்டார் எல்லாம் சரி. அப்போதுதான் மச்சான் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது. தன் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றினார்.

அது மலையேறுபவர்கள் கட்டுவது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும் அல்லவா? அதை அளந்து, எத்தனை மீட்டர் ஏறினோம், எவ்வளவு வேகத்தில் இறங்கினோம் என்று சொல்லிவிடும். ஒரே ஒரு குறை. மழை மேகம் கூடினாலும் அழுத்தம் குறையும். உட்கார்ந்த இடத்திலேயே மலை ஏறிவிட்டதாகப் பீற்றிக்கொள்ளும். அதனால் தெரிந்த இடத்தில் வைத்து உயரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். சித்தப்பா தரைத்தளத்தில் பூஜ்யம் வைத்தார். நொடிக்கு நொடி பதியும்படி செய்தார். வாரை விரித்து லிஃப்ட் மூலையில் கிடத்தினார். கதவை மூடிவிட்டு மச்சானை வெளியே தன் எதிரில் உட்கார வைத்தார்.

"ரெண்டு கையையும் முழங்கால் மேல வை. எடுக்கக் கூடாது."

"என்னைத் திருடன் மாதிரி..."

"வைடா."

இரண்டு நாற்பது. க்ளிக்... லிஃப்ட் கிளம்பியது.

ஒன்று... இரண்டு... எண்கள் மாறின. மச்சானின் கை முழங்காலிலேயே இருந்தது. ஒன்பதில் நின்றது. மேலே கதவு திறக்கும் சத்தம் மெல்லக் கேட்டது.

பிறகு ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

பன்னிரண்டு நிமிடத்துக்குப் பிறகு லிஃப்ட் இறங்கி வந்தது. கதவு திறந்தது.

காலி.

கடிகாரம் வைத்த மூலையிலேயே இருந்தது. ஆனால் வார் மாட்டியிருந்தது... கடைசி ஓட்டையில். சித்தப்பாவின் மூன்று விரல்கூட அதில் சேர்ந்து நுழையவில்லை.

கடிகாரம் பதிந்திருந்த உயரக் கோட்டுப்படத்தைத் திறந்தார். அரை நிமிடத்தில் இருபத்தேழு மீட்டர். அது ஒன்பதாவது மாடி. சரி. பிறகு கோடு மறுபடி ஏறியிருந்தது. மெதுவாக, படிப்படியாக, இன்னும் மூன்று மீட்டர்.

மொட்டை மாடி.

அங்கே பதினோரு நிமிடம். பிறகு கோடு செங்குத்தாக விழுந்திருந்தது. முப்பது மீட்டர். இரண்டரை நொடி.

அதற்கப்புறம் பூஜ்யம்.

மழை மேகமா? மேகம் மணிக்கணக்கில் ஏமாற்றும், நொடிக்கணக்கில் ஏமாற்றாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. லிஃப்ட் ஒன்பதாவது மாடியில் நிற்கும்போதே கடிகாரம் தரையில் இருந்திருக்கிறது. லிஃப்ட் இறங்கிய அரை நிமிடமும் பூஜ்யம்தான்.

சித்தப்பா படியேறி ஓடினார். மொட்டை மாடிக் கதவில் துருப்பிடித்த பூட்டு. பூட்டின் மேல் சிலந்தி வலை, அறுபடாமல்.

செக்ரட்டரி வந்தார். சித்தப்பா ஒயர், மோட்டார் என்று எதுவும் விளக்கவில்லை. கோட்டை மட்டும் காட்டினார்.

"இது ஒம்போதாவது மாடி, சார். இது மொட்டை மாடி. இங்கேருந்து..."

செக்ரட்டரியின் முகம் வெளிறியது.

"அன்னிக்கு மேல யாரும் இல்லன்னுதான் நான் கதவப் பூட்டிட்டு வந்தேன்."

"என்னிக்கு, சார்?"

செக்ரட்டரி லிஃப்டை விட்டுத் தள்ளி நின்றார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதை அன்று நேரில் பார்த்தேன் என்பார் சித்தப்பா. கடைசியில் செக்ரட்டரி, "உங்க மச்சான் வேலைல இருக்கட்டும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். லிஃப்டில் போகவில்லை. படியில் போனார்.

சில நாள் கழித்து எதிர்க் கடைக்காரர் சொன்னார். முன்பிருந்த வாட்ச்மேனுக்கு ஒரு மகள், ஏழு வயது. மதியம் அவர் அசந்த நேரம் லிஃப்டில் ஏறிப் போய்விட்டாள். ஒன்பதாவது மாடி ஜன்னலில் ஏறி விழுந்தாள், அப்பன் பார்த்துக்கொள்ளவில்லை என்று செக்ரட்டரி எழுதிக் கொடுத்தார். அப்பனின் வேலையும் போயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சித்தப்பாவுக்கு மனது கேட்கவில்லை. அந்த அப்பனைத் தேடிப் பிடித்து எல்லாம் சொன்னார். வேறொரு வாசலில் காவலுக்கு நின்றிருந்த அந்த மனிதர் கடிகாரத்தை வாங்கினார். கடைசி ஓட்டையில் மாட்டிய வாருக்குள் ஒரு விரலை விட்டு மெல்லச் சுற்றினார்.

"ஜன்னல்னு சொன்னாங்க."

சித்தப்பா இல்லையென்று தலையாட்டினார்.

"மேல எவ்வளவு நேரம் நின்னா?"

"பதினோரு நிமிஷம்."

அவர் வாரிலிருந்து விரலை எடுத்தார். பிறகு கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவ்வளவு நேரமும் கதவத் தட்டியிருப்பா, அண்ணே."

சித்தப்பா அந்த வாரை இன்றுவரை அவிழ்க்கவில்லை.