பொட்டு வைத்த டாலரும் புக்கெட் படகும்

தாராவியில் கீழே எங்கள் பெல்ட் கடை, மேலே வீடு. ஜன்னலைத் திறந்தால் மாகிம் பக்கத்துக் கறுப்புத் தண்ணீர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைப் பார்த்துச் சலித்த என் மனைவி செல்வி, "தரை தெரியுத கடல ஒருவாட்டியாவது பாக்கணும்" என்றாள். போன ஜனவரியில் நாங்கள் தாய்லாந்தின் புக்கெட் போனது அதற்காகத்தான். பணம் மாற்றுவதில் ஒரு ரூபாய்கூட ஏமாறக் கூடாது என்பது என் தனிப்பட்ட வைராக்கியம்.

செம்பூரில் இரண்டு, மாட்டுங்காவில் மூன்று கடை ஏறி இறங்கினேன். "பையா, தோடா கம் கரோ" என்று நச்சரித்து, டாலருக்கு நாற்பது பைசா குறைத்து இரண்டு நூறு டாலர் நோட்டு வாங்கினேன். சிறிய டாலர் நோட்டுக்குப் புக்கெட்டில் ரேட் குறைவு. அன்று வெள்ளிக்கிழமை. கடைக்கு வரும் புதுப் பணத்துக்குக் குங்குமம் வைப்பது வழக்கம். இதற்கும் வைத்தேன்.

புக்கெட் ஏர்போர்ட்டில் டாலருக்குத் தாய்லாந்துப் பணம் 31 பாட், டவுனில் 32.60. அதனால் ஏர்போர்ட்டில் மாற்றவில்லை. நெருளில் இருக்கும் மச்சான் முன்பு இங்கே வந்துபோனபோது மிச்சம் கொண்டுவந்த 300 பாட் கையில் இருந்தது. ஆளுக்கு நூறு கொடுத்து 32 கிலோமீட்டர் பஸ்ஸில் போனோம்.

மறுநாள் தெளிந்த தண்ணீருள்ள தீவுக்குப் போகும் படகுக்கு முன்பணம் போக மீதி 2,400 பாட்டை அன்று மாலை ஐந்துக்குள் ரொக்கமாகக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அதற்கடுத்த நாள் எங்களுக்கு ஊர் திரும்பும் விமானம்.

மூன்றேகாலுக்குப் பணம் மாற்றும் முதல் கவுண்டர். அங்கிருந்த பெண் நோட்டைத் திருப்பிப் பார்த்து, சிவப்புக் கறையைத் தொட்டுக்காட்டி, "நோ" என்றாள்.

"டாலருக்குமா பொட்டு வச்சிய?" என்றாள் செல்வி.

"வெள்ளிக்கிழமைல்லா."

அடுத்த இரண்டு கவுண்டரிலும் அதே பதில். நான்காவது ஆள் 27 பாட் தருவதாகச் சொன்னான். ஐந்தாவதைத் தேடிக் கிளம்பினேன். செல்வி நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"மணி நாலரை. ஒங்க ரேட்டுக்காவ என் கடல விட்டுருவியளா?"

குரல் உடைந்திருந்தது. அவள் கேட்டு வந்தது அது ஒன்றுதான். எனக்கு வெட்கமாகிவிட்டது. எதிரே இருந்த ஏடிஎம்மில் கார்டைப் போட்டேன். எவ்வளவு எடுத்தாலும் கட்டணம் 220 பாட் என்பதால் ஒரே தடவையாக 5,000 எடுத்தேன். "ரூபாயிலேயே கணக்கிடட்டுமா?" என்று மெஷின் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். ரூபாய்க் கணக்கில் ரேட் மோசம். நான்கு ஐம்பதுக்குப் பணம் கட்டினோம்.

மறுநாள் இடுப்பளவு தண்ணீரில் செல்வி குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏங்க, என் கால்வெரல் தெரியுது" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

கிளம்புகிறவர்களுக்கு: நோட்டில் கறையோ மடிப்போ கிறுக்கலோ வேண்டாம், பொட்டைப் பர்ஸுக்கு வையுங்கள். சர்வதேச வசதியுள்ள கார்டு ஒன்று கையில் இருக்கட்டும். ரேட் பாருங்கள், நானும் இனியும் பார்ப்பேன். ஆனால் கூட வந்தவர் தெருவில் நின்றுவிட்டால், அதோடு நிறுத்திவிடுங்கள்.