பேச்சிலர் வண்டியை ஒழித்த ஜீவரத்தினம்

சார்ஜாவில் டயர்க் கடை வாசலில் நான் நின்றிருந்தபோது ஜீவரத்தினத்தின் மனைவி தவமணி போனில் அழைத்தார். "அண்ணை, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். லீவில் சாவகச்சேரிக்குப் போனவர், காலையில் தேநீர் குடித்தபடியே சரிந்துவிட்டாராம்.

மாலையில் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் வந்தது. 'நம் ஓட்டுநர்களில் ஒருவர்' என்று எழுதியிருந்தார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓட்டுநர் நான். அவர் முன்வண்டியில் இருந்து பாலைவனப் பயணங்களை நடத்தியவர். அவரோடு மணலில் அலைந்த உங்களுக்கு இது தெரியும். தெரிந்தும் யாரும் அந்தக் குழுவில் திருத்தவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

இங்கே நம்மை இரண்டாகத்தான் பிரிப்பார்கள்: ஃபேமிலி, பேச்சிலர். ஊரில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தாலும், தொழிலாளர் கேம்ப்பில் தனியாகத் தங்குபவன் பேச்சிலர். சுற்றுலாவிலும் நல்ல வண்டி குடும்பங்களுக்கு. ஏசி சரியில்லாதது பேச்சிலர்களுக்கு. ஜீவரத்தினம் முன்வண்டிக்கு வந்ததும் அதை நிறுத்தினார். மணல் தொடங்கும் இடத்தில் டயரில் காற்றைக் குறைக்க வண்டிகளை நிறுத்துவோம். அங்கே எல்லோரையும் இறக்கி, பெயரும் ஊரும் கேட்டு, கலந்து ஏற்றுவார். "ஒவ்வொரு வண்டிக்கும் கதைக்க ஒரு ஆள், மண் வெட்ட ரெண்டு ஆள், பயப்பிட ஒரு ஆள் வேணும். பயப்பிட ஆளில்லாட்டி வண்டி ஓடுறவர் கவிழ்த்துப்போடுவார்" என்பார், என்னைப் பார்த்துக்கொண்டே.

ஒரு பெருநாள் விடுமுறையில் அதற்குச் சோதனை வந்தது. சென்னைக்காரர் ஒருவர், வங்கியில் அதிகாரி, மனைவியோடும் தாயாரோடும் வந்திருந்தார். பெண்கள் இருவரையும், இரண்டு நர்ஸுகள் இருந்த முன்வண்டியில் ஜீவரத்தினம் ஏற்றினார். அதிகாரியை என் வண்டியில், அரியலூர்க்காரர்கள் நான்கு பேரோடு உட்காரச் சொன்னார். எல்லோரும் கட்டட வேலைக்காரர்கள்.

"நாங்க ஃபேமிலிங்க. பேச்சிலர்ஸ்கூட எப்படி உக்கார்றது?" என்றார் அதிகாரி.

"இவையும் ஃபேமிலிதான் ஐயா. இவருக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். கேட்டுப் பாருங்கோ."

அதிகாரி எங்கள் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி ஜீவரத்தினத்திடம் பேசியது எனக்கும் கேட்டது. "ஜீவா பாய், கூடாரத்துக்குப் போனதும் நான் அவர்கிட்டக் கேப்பேன். கம்ப்ளைண்ட் சொன்னா கலாஸ், அவ்வளவுதான். நாளையிலேர்ந்து உனக்கு ஏர்போர்ட் டிரிப்தான். பழைய மாதிரி தனித்தனி வண்டி."

"விட்டுடாதீங்க ஜீவா" என்றேன்.

"நான் எங்கை விட்டனான்? ஏறுங்கோ அண்ணை, நேரம் போகுது" என்றார்.

அதிகாரி வேறு வழியில்லாமல் ஏறிக் கதவோடு ஒட்டி உட்கார்ந்தார். மூன்றாவது மேட்டைத் தாண்டியதும் என் வண்டி ஒரு பள்ளத்தில் அச்சுவரை புதைந்தது. இழுக்கக் கயிறு இருந்தது. ஜீவரத்தினம் அதை எடுக்கவில்லை. "கயிறு பிறகு. முதல்லை கை" என்றார். எல்லா வண்டிகளிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். நர்ஸுகள் மண்ணை வாரினார்கள். அதிகாரியின் தாயார் சேலையைச் செருகிக்கொண்டு மேட்டின்மேல் நின்று, "யப்பா, அந்தப் பக்கச் சக்கரத்துல இன்னும் மண்ணு இருக்கு பாரு!" என்று அதிகாரம் செய்தார். மகன் வண்டியைத் தொட்டும் தொடாமலும் நின்றார்.

"சார், இது தள்ளுறதா, தோசைக்கு மாவு ஆட்டுறதா? தோளக் குடுங்க!" என்றான் அரியலூர் செல்வம்.

தாயார்தான் முதலில் சிரித்தார். அதிகாரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு தோளைக் கொடுத்தார். "யல்லா!" என்று ஜீவரத்தினம் கத்த, நான் மிதிக்க, வண்டி மணலை அவர்கள் எல்லோர் வாயிலும் வாரி இறைத்துவிட்டு மேட்டில் ஏறியது. அந்தக் கூச்சலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அதிகாரி செல்வத்தைக் கட்டிக்கொண்டு குதித்தார்.

கூடாரத்தில் ஜீவரத்தினம் அதிகாரியிடம், "திரும்பேக்கை வீட்டு ஆக்களோடை ஏறுங்கோ ஐயா, இடம் போட்டுத்தாறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அதிகாரிக்கு முதலாளியின் போன் வந்தது. கம்ப்ளைண்ட் உண்டா என்று கேட்டார்.

"இருக்கு" என்றார் அதிகாரி. "திரும்பிப் போறப்ப என்னை வேற வண்டிக்கு மாத்தப் பாக்குறாங்க. நான் செல்வம்கூடதான் வருவேன்."

ஜீவரத்தினம் என்னைப் பார்த்தார். உட்கார்ந்து ஷூவிலிருந்த மணலைக் கொட்டினார்.

அதன்பின் எங்கள் வரிசையில் பேச்சிலர் வண்டி என்று ஒன்று ஓடவில்லை. இன்று கம்பெனியே 'அனைவரும் ஒன்றாக' என்று விளம்பரம் செய்கிறது. அதில் அவர் பெயர் இல்லை. நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனாலும் ஜெயித்தவர் அவர்தான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பிடிவாதம். பூங்காவோ, சாப்பாட்டுக் கடையோ, வாசலில் ஒருவன் "ஃபேமிலியா, பேச்சிலரா?" என்று கேட்கிறான். "கறுப்பையா. அறந்தாங்கி" என்கிறேன். மறுபடி கேட்டால் மறுபடியும் அதையே சொல்கிறேன். உள்ளே விடும்வரை நகர்வதில்லை.