எண்பத்தேழு என்று பெயரிட்ட குரல்

ரோஸ்லின் ஆண்ட்டியின் இறந்துபோன மகளின் குரலை அழித்தவன் நான். அழித்ததோடு நிற்கவில்லை. வேறொருத்தியின் குரலை எடுத்து, இதுதான் உங்கள் மகள் என்று அந்தத் தாயின் கையில் கொடுத்தேன். அந்த வேறொருத்தி என் மனைவி.

சொல்லிவிட்டேன்... இவ்வளவு காலம் தொண்டையில் சிக்கிக் கிடந்தது இவ்வளவுதான்!

பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழந்தாளிட்டு எல்லாப் பாவத்தையும் சொல்கிறேன். கோபம், சோம்பல், மனத்தில் நினைத்த அசிங்கம், எல்லாம். இதை மட்டும் சொல்வதில்லை. சொன்னால் சாமியார், போய் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல் என்பார். உங்களால் அப்படிக் கட்டளையிட முடியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். பாருங்கள், ஒப்புக்கொள்வதிலும் எனக்கு எவ்வளவு கள்ளத்தனம்!

எங்கள் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் உருவத்தைச் சிலுவையிலிருந்து இறக்கும்போது பாடகர் குழு மாதாவின் புலம்பலைப் பாடும். வருடா வருடம் அதே பாட்டு. முதல் அடியைக் குழு பாடும். இரண்டாம் அடியை ஒரு பெண் தனியாகப் பாடுவாள். பாடகர் குழுவை நடத்தியவர் ஒவ்வொரு வருடமும் அதை ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார். இருபத்திரண்டு நாடாக்கள். எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில், ஒவ்வொன்றின் முதுகிலும் வருடம் மட்டும் எழுதி.

பினாங்கின் ஈரக்காற்றில் நாடாக்களுக்குள் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. அப்போது எங்கள் கோவிலில் வீட்டில் கணினி வைத்திருந்தவர்கள் மூன்று நான்கு பேர்தான். நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தொழில்நுட்ப உதவியாளன். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று மார்தட்டிக்கொண்டு டின்னை வாங்கிவந்தேன்.

ஏற்றினேன். நாடா ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, மூன்று வாரம். அந்த உழைப்பு பொய்யில்லை. முடிந்ததும், இனி இந்தக் குப்பை எதற்கு என்று ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியின் கீழே இருந்த தொட்டியில் டின்னோடு போட்டேன். யாரையும் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? எல்லாம்தான் கணினியில் இருக்கிறதே!

அடுத்து, பாட்டுகளை வைத்துக்கொள்ள எந்த மென்பொருள் என்ற கேள்வி வந்தது. தொழிற்சாலை நண்பன் லிம் ஒரு சின்ன மென்பொருளை ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தான். பாட்டைக் காட்டினால் பாடும், நிறுத்தினால் நிற்கும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது அதற்கு. இது போதும் என்றான். எனக்கு அது அவமானமாக இருந்தது. நான் சாதாரண ஆளா?

ஒரு கணினிப் பத்திரிகையோடு வந்த சிடியில் இன்னொன்று கிடைத்தது. பாட்டுகளைப் பட்டியலிடும், பெயர், பாடியவர், ஆண்டு என்று கட்டம் கட்டமாக அடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே பாட்டு இரண்டு முறை இருந்தால் தானே கண்டுபிடித்து நீக்கிவிடும்! அதைப் படித்ததும் மயங்கிப் போனேன். தொழிற்சாலையில் என் வேலையே வேண்டாததைப் பொறுக்கி எறிவதுதான். எனக்காகவே செய்த மென்பொருள் என்று நினைத்தேன்.

கட்டங்களை நிரப்ப உட்கார்ந்தேன். பெயர்: புலம்பல். பாடியவர்: பாடகர் குழு. இருபத்திரண்டு முறை இதையே தட்டுவானேன் என்று ஒரு முறை தட்டி மற்ற எல்லாவற்றுக்கும் ஒட்டினேன். ஆண்டு என்ற கட்டத்தைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று காலியாக விட்டேன்.

பிறகு... அந்தப் பிறகு வரவேயில்லை. நான் சேர்த்திருந்த சினிமாப் பாட்டுகளில் நிறைய இரட்டிப்பு இருந்தது. அதைச் சுத்தம் செய்யப் பொத்தானை அழுத்தினேன். நூற்றுக்கு மேல் கண்டுபிடித்தேன், நீக்கட்டுமா என்று அது ஆங்கிலத்தில் கேட்டது. பட்டியலைக் கீழே இறக்கிப் பார்க்கவில்லை. ஆமாம் என்றேன். புலம்பலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இருபத்தொன்றை அது தின்றுவிட்டது. அதன் மேல் தப்பில்லை. நான் எழுதிக் கொடுத்தபடி எல்லாம் ஒரே பாட்டு!

எனக்கு அது தெரியக்கூட இல்லை. அடுத்த நாளே புதுப் பாட்டுகளைக் கொட்டிக் கணினியின் வட்டை நிரப்பினேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து ரோஸ்லின் ஆண்ட்டி என்னிடம் வந்தார். அவருடைய ஒரே மகள் சிசிலி. பத்தொன்பது வயதில் எண்பத்தேழாம் வருடப் பெரிய வெள்ளியன்று அந்த இரண்டாம் அடியைப் பாடியவள். அதே வருடம் டெங்கிக் காய்ச்சலில் போய்விட்டாள். அதிலிருந்து ஒவ்வொரு பெரிய வெள்ளியும், புலம்பல் தொடங்கும் முன் ஆண்ட்டி எழுந்து வெளியே போய், வாகனம் நிறுத்தும் இடத்தில் நிற்பார். பாட்டு முடிந்தபின்தான் உள்ளே வருவார். கோவிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது.

"தம்பி, எய்ட்டி செவன் புலம்பல் உங்ககிட்ட இருக்குலா? சிசிலி பாடுனது. இத்தன வருஷம் கேக்க தைரியம் வரல. இப்ப கேக்கணும்போல இருக்கு."

இருக்கு ஆண்ட்டி, சிடியில போட்டுத் தரேன் என்றேன். வீட்டுக்கு வந்து பட்டியலைத் திறந்தேன். புலம்பல் என்று ஒரே ஒரு வரி.

கணினியின் மூலை முடுக்கெல்லாம் தேடினேன். லிம்மை வரவழைத்து அவனையும் தேடச் சொன்னேன். அதே இடத்தின் மேல் வேறு பாட்டுகள் ஏறிவிட்டன, இனி எடுக்க முடியாது என்றான். தொட்டிக்கு ஓடினேன்... எத்தனையோ வாரத்துக்கு முன் போட்ட குப்பை! என்ன பைத்தியக்காரத்தனம்!

மிஞ்சியிருந்த அந்த ஒன்றை ஓடவிட்டேன். இரண்டாம் அடி வந்ததும் தெரிந்துவிட்டது. ஸ்டெல்லா. என் மனைவி. கல்யாணத்துக்கு முன், முதல் முறை அவள் தனியாகப் பாடிய வருடம். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவளைப் பெண் கேட்டுப் போனேன். எனக்கா தெரியாது?

அந்த நேரத்தில் ஆண்ட்டி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பத்து நிமிட நடை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கோப்பின் பெயரை எண்பத்தேழு என்று மாற்றினேன். காலியாக விட்டிருந்த அந்தக் கட்டத்தில் அன்றுதான் முதன்முதலாக ஒரு ஆண்டைத் தட்டினேன்.

அவர் கேட்டதும் கண்டுபிடித்துவிடுவார், இது என் மகள் இல்லையே என்பார், அப்போது எல்லாவற்றையும் சொல்லிக் காலில் விழலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் சிடியைப் போட்டதும் ஆண்ட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாம் அடி முடியும்வரை அசையவில்லை.

"அவதான். அந்த மூச்ச இழுக்கிறா பாருங்க, அவதான்."

நான் தலையாட்டினேன்.

ஒரு மாதம் கழித்து ஆண்ட்டி எங்கள் இருவரையும் தேநீருக்குக் கூப்பிட்டார். போனதும் சிடியைப் போட்டார். ஸ்டெல்லா கோப்பையைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காரில் ஏறியதும்தான் கேட்டாள்.

"அது நான்தானே?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று மட்டும் சொன்னாள். அடுத்த ஞாயிறு அதற்காகவே போனோம். நாங்கள் வாய் திறக்கும் முன் ஆண்ட்டி பேச ஆரம்பித்துவிட்டார். தினமும் காலையில் கேட்கிறாராம். மனசு லேசாகிவிட்டதாம். வரப்போகும் பெரிய வெள்ளிக்கு வெளியே போகப் போவதில்லை, உள்ளேயே உட்காரப் போகிறார். மகள் போனபின் முதல் முறை!

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். சொல்லாமலே திரும்பி வந்தோம்.

"இனி நான் அதப் பாட மாட்டேன்," என்றாள் வழியில். ஏன் என்று எனக்குத் தெரியும். ஆண்ட்டி உள்ளே உட்கார்ந்திருக்க, அதே குரல் மேலே பாடகர் மாடத்திலிருந்து வந்தால்? தொண்டையில் கோளாறு என்று பாடகர் குழுவிலிருந்து நின்றுகொண்டாள். வீட்டில்கூடப் பாடுவதில்லை. சமைக்கும்போது ஏதாவது முனகிக்கொண்டே இருப்பவள்... இப்போது அடுப்படியில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இரண்டாம் அடியைப் பாட ஆளில்லை. இளம் பெண்கள் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அப்போது ஆண்ட்டியே, அந்த இடத்தில் என் மகள் பாடியதைப் போடலாமே என்றார். சாமியார் தயங்கினார், ஆண்ட்டியின் முகத்துக்காக ஒத்துக்கொண்டார். ஒலிபெருக்கியில் இணைத்துக் கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். வேறு யாருக்குத் தெரியும்!

நானே பொத்தானை அழுத்தினேன். குரல் கோவில் முழுக்கப் பரவியது. மாடத்தில் நின்ற பாடகர் குழு ஒவ்வொருவராகத் திரும்பி, கீழே பெஞ்சியில் வாயை மூடி உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாவைப் பார்த்தார்கள். அவளோடு பல வருடம் பக்கத்தில் நின்று பாடியவர்கள். பிறகு முன் வரிசையில் கண் மூடியிருந்த ஆண்ட்டியைப் பார்த்தார்கள். கடைசியில் என்னை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை சொல்லவில்லை. என் பொய்யை இப்போது ஒரு பாடகர் குழுவே சுமக்கிறது.

வழிபாடு முடிந்து வெளியே வந்தபோது ஆண்ட்டி நேராக ஸ்டெல்லாவிடம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயும் கூடப் பாடியிருக்கலாம்லா, ஸ்டெல்லா. ரெண்டு குரலும் சேந்து வந்திருக்கும்."

ஸ்டெல்லா சரி என்பதுபோல் தலையாட்டினாள். நான் கார்ச் சாவியைத் தேடுவதுபோல் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பெரிய வெள்ளிக்கும் அதையே போடச் சொல்லியிருக்கிறார்கள். கோப்பு என் கணினியில் இருக்கிறது. பெயர் எண்பத்தேழு. அதை மாற்ற ஒரு நிமிடம் போதும்... திறந்து பார்க்கிறேன், மூடிவிடுகிறேன்.