மெஹருன் அக்காவும் கடைசி நட்டும்

போன வெள்ளிக்கிழமை பூந்தமல்லியில் மெஹருன் அக்காவின் பேட்டரிக் கடை மூடியிருந்தது. தொழுகை நேரம் என்று நினைத்து நின்றேன். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே, "அக்கா மௌத்தாயிட்டாங்க சார், செவ்வாக்கெழம. உங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்றார்.

நான் நம்பவில்லை. அக்காவோடு பழகியவர்களுக்கு எதையும் சட்டென்று நம்பாத குணம் ஒட்டிக்கொள்ளும். ஷட்டரை ஒருமுறை தட்டிக்கூடப் பார்த்தேன். பிறகு ஆவடி பேருந்தில் உட்கார்ந்திருந்தபோதுதான், எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, நிம்மதி என்பது உறைத்தது. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் நான் சொன்ன ஒரு பொய் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். இனி எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த நிம்மதி எனக்கே அருவருப்பாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவரிடம் பேட்டரி சார்ஜ் போட்டவர்களுக்கு அவருடைய சந்தேகங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே வாங்கிய டிஸ்டில்டு வாட்டர் எல்லாம் அவருக்குக் குழாய்த் தண்ணீர்தான். சார்ஜுக்கு வரும் ஒவ்வொரு பேட்டரியின் அடியிலும் ஆணியால் ஓர் அடையாளம் கீறி வைப்பார். எடுத்துப்போக வருகிறவன் அடுத்தவனுடையதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானாம். ஐயப்பன்தாங்கல் டெப்போ டிரைவர்கள், "அக்கா, நாங்க கூடவா?" என்று சிரித்தால், "நீங்கதான் மொதல்ல" என்பார். கரண்ட் போய்விட்டது என்று யாராவது சொன்னால் மெயின் சுவிட்சைத் தானே எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

நான் அவரிடம் போனது எண்பதுகளின் கடைசியில். ஆவடி குவார்ட்டர்ஸில் நான், கோபாலன், அந்தோணி என்று மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய வேனை வாங்கினோம். மூவருமே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். நான் தஞ்சாவூர்ப் பக்கம், அவர்கள் இருவரும் தெற்கே. லீவு விட்டால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோயில், குளம், கடற்கரை என்று சுற்ற வேண்டும். லாட்ஜ் தேடக் கூடாது, வண்டியிலேயே படுத்துக்கொள்ள வேண்டும். இதுதான் திட்டம். சீட்டுகளைக் கழற்றி இரண்டு பக்கமும் படுக்கை அடித்தோம். பின்னால் ஒரு கேஸ் ஸ்டவ். இரண்டு சின்ன விசிறி, ஒரு டியூப் லைட். இவற்றை வண்டியின் பேட்டரியில் ஓட்டினால் காலையில் வண்டி கிளம்பாது. அதற்காக இடது படுக்கைக்கு அடியில் இரண்டாவதாக ஒரு பேட்டரி வைக்க வேண்டியிருந்தது.

கடையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "பாய் இல்லையா?" என்று கேட்டேன். "பாய் போயி ரெண்டு வருசம் ஆச்சி. உனுக்கு வேல ஆவணுமா, பாய் வோணுமா?" என்றார். அந்தோணி சிரித்துவிட்டான். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. புருஷன் விட்டுப்போன கடையில் ஒப்புக்கு உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதன் பிறகு அவர் செய்தது ஒவ்வொன்றும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது. நாங்கள் ஆசையாகப் பெயின்ட் அடித்திருந்த சேசிஸில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டினார். எர்த் வயரைப் பல் வைத்த வாஷரோடு அங்கே முடுக்கி, மேலே கிரீஸ் அப்பினார். பெயின்ட் மேல் எர்த் நிற்காது என்றார். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃப்யூஸ். தகடைத் தாண்டி வயர் போகிற ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் வளையம். பேட்டரிக்கு மூடி போட்ட மரப்பெட்டி, அதிலிருந்து ஆவி வெளியே போக ஒரு குழாய். இரண்டாவது பேட்டரியை ஒரே திருகில் அறுத்துவிட ஒரு பெரிய சுவிட்ச். அதையும் படுக்கைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். பிள்ளைகள் விளையாடுமே என்றேன். விளையாடினால் விசிறிதானே நிற்கும் என்றார்.

நடுவில் ஒன்று கேட்டார், அந்தப் படுக்கையில் யார் படுப்பார்கள் என்று. என் மகள் சுமதி என்றேன். அப்போது அவளுக்கு ஏழு வயது. வேலை முடியும் நேரத்தில் பேட்டரி முனையில் ஒரு நட்டு மட்டும் பாக்கி இருக்க, ஸ்பேனரை என் கையில் கொடுத்தார்.

"கடைசி நட்ட நான் முடுக்க மாட்டேன். எவன் புள்ள மேல பட்த்துக்குதோ அவன்தான் முடுக்கணும்."

முடுக்கினேன். விசிறி இரண்டையும் விளக்கையும் போடச் சொல்லி, வயர் மேல் கையை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்காரச் சொன்னார். சுட்டால் எங்கோ இணைப்பு சரியில்லை என்று அர்த்தமாம். "மீட்டர நம்பாத. கைய வெச்சிப் பாரு." சுடவில்லை. திரும்பி வரும் வழியில் கோபாலனிடம் சொன்னேன்: நாளைக்கு ஏதாவது ஆனால், முடுக்கினது நீதானே என்று நம் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கத்தான் இந்த நாடகமெல்லாம். கோபாலனும் ஆமாம் என்றான்.

ஒரு வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. அடுத்த கோடை விடுமுறைக்கு முன்னால் துண்டு மாட்ட வசதியாக இருக்கட்டும் என்று படுக்கைக்கு மேலே ஒரு கொக்கிப் பலகையை நானே அடித்தேன். அதில் ஒரு திருகாணி உள்ளே ஓடிய வயரைத் தொட்டிருக்கிறது. திருப்பதியிலிருந்து திரும்பும்போது ஃப்யூஸ் போயிற்று. மாற்றினேன், மறுபடியும் போயிற்று. கையிலிருந்த ஃப்யூஸ்கள் தீர்ந்தன. அக்னி நட்சத்திர வெயில். பிள்ளைகள் வியர்வையில் நெளிந்தார்கள். டீக்கடையில் மற்றவர்கள் இறங்கியிருந்த சமயம், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை உருவி, போன ஃப்யூஸைச் சுற்றி நாலைந்து சுற்று சுற்றி மாட்டினேன். விசிறி ஓடியது. எப்படிச் சரிசெய்தாய் என்று அந்தோணி கேட்டதற்கு, ஃப்யூஸ் லூசாக இருந்தது என்றேன்.

திருநின்றவூர் ஏரியை நெருங்கும்போது படுக்கை மேல் தைத்திருந்த ரெக்சின் கருகும் வாடை வந்தது. நான் திரும்புவதற்குள் சுமதி அலறினாள். உருகிய ரெக்சின் அவள் வலது கையில் ஒட்டியிருந்தது. நான் அந்தப் பெரிய சுவிட்சைத் திருகினேன். அதோடு புகை நின்றது. வேண்டாம் என்று நான் வாதாடிய சுவிட்ச் அது. அது இல்லாமல் போயிருந்தால் பின்னால் ஸ்டவ்வும் சிலிண்டரும் இருந்த அந்த வண்டியில் எங்கள் ஆறு பிள்ளைகளும் என்ன ஆகியிருப்பார்கள் என்பதை இன்றைக்கும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சுமதியின் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு நேராகப் பூந்தமல்லிக்குப் போனோம். கோபாலன்தான் அதிகமாகக் கத்தினான். தெருவே கூடிவிட்டது. அக்கா வண்டிக்குள் ஏறிப் பெட்டியைத் திறந்து, ஃப்யூஸைக் கழற்றினார். அவர் விரல்களுக்கு நடுவே வெள்ளித்தாள் பளபளத்ததை நான் பார்த்தேன். உள்ளே எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

"ஃப்யூஸ யாரு தொட்டது?" என்றார்.

"யாரும் தொடல" என்றேன்.

என் மனைவி, கோபாலன், அந்தோணி, கட்டுப்போட்ட கையோடு சுமதி, எல்லோரும் வெளியே நின்றார்கள். எனக்குப் பயம். வேறு காரணம் ஒன்றும் இல்லை. அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளங்கையை மூடிக்கொண்டு இறங்கினார். சுமதியிடம், "ரொம்ப எரியுதாமா?" என்று மட்டும் கேட்டார். அவள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

கடைசி நட்டின் கதையை நான் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொன்னேன். கேட்டவர்களுக்கு அது அக்காவின் குற்றத்துக்கே சாட்சியாகப் பட்டது. அத்தோடு குவார்ட்டர்ஸ் வண்டிகள் பேட்டரி வேலைக்கு அம்பத்தூருக்குப் போக ஆரம்பித்தன. அவர் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று யோசித்து யோசித்து, பெருந்தன்மை என்று முடிவு செய்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

ஐந்தாறு வருடம் கழித்து, மோட்டார் சைக்கிள் பேட்டரி ஒன்றைச் சாக்காக வைத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். வழக்கம்போல அடியில் ஆணியால் கீறினார். கடையில் வேறு யாரும் இல்லை. அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா எவன் நம்புவான்? பாய் பொண்டாட்டிக்கு இன்னா தெரியும்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தவன் நீதான? வெள்ளித்தாள நானே உள்ள வெச்சி எட்த்தேன்னு சொல்லியிருப்ப."

சொல்லியிருப்பேன்.

"நீ சொன்னா நம்புவாங்க. போயி சொல்லு. மூணு ஊட்லயும் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். "பாக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவர் என்னைத் துளியும் நம்பவில்லை என்பது தெரிந்தது. அவர் சந்தேகப்பட்டதுதான் சரி. அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்தக் கடையைத் தாண்டிப் போயிருக்கிறேன். நான் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். மெஹருன் அக்கா போட்ட வயரிங்கில் எந்தக் குறையும் இல்லை. வயரில் திருகாணி இறக்கியவன் நான். ஃப்யூஸில் வெள்ளித்தாள் சுற்றியவன் நான். யாரும் தொடவில்லை என்று பொய் சொன்னவனும் நான். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்று ஒன்று உண்டென்றால், அது இந்தச் சந்தேகம்தான். முன்பெல்லாம் அடுத்தவர்களைச் சந்தேகப்பட்டேன். இப்போது நான் ஒரு காரியத்துக்கு நல்ல காரணம் சொல்லும்போதெல்லாம் என்னையே சந்தேகப்படுகிறேன்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் மூன்று வீடுகளிலும் சொல்லிவிட்டேன். கோபாலன் எழுந்து உள்ளே போய்விட்டான். அந்தோணி தெருமுனைவரை கூட வந்தான். கடைசியாக என் வீட்டில், இதை முழுவதும் சுமதிக்குப் படித்துக் காட்டினேன். அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். பூந்தமல்லி வழியாகத்தான் பேருந்து.

அவள் சொன்னாள்: "அந்தம்மா கடை வாசல்ல உக்காந்திருக்கும்பா. என்னப் பாத்தா கையத் தூக்கும். நான் ஒவ்வொரு தடவையும் மூஞ்சியத் திருப்பிக்குவேன்."

எனக்கு அது தெரியும். இரண்டு முறை நான் பேருந்தில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.