மூன்றாவது கரடு

இன்று காலை ரேஷன் கடை வாசலில் நனைந்த சாக்கின் வாடை மூக்கில் ஏறியதும், திருநகரைத் தாண்டியிருந்த அந்தப் பாறைக் கரட்டின் உச்சியில், பத்து வயதில், மறுபடி தனியாக நின்றேன். இப்போது அங்கே கரடு இல்லை. கல் வெட்டிய பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் கிடக்கிறது.

அண்ணன் கல்லுப்பட்டியில் விடுதியில் தங்கிப் படித்தான். பொங்கலுக்கு வரும்போது ஒரு பகல் முழுக்கச் சாக்கில் உட்கார்ந்து பாறை சறுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அந்த ஒரு பகல் வீணாகிவிடக் கூடாதே என்று, ஞாயிறுதோறும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, நடந்து போய்த் திரும்பக்கூடிய மூன்று கரடுகளிலும் நான் ஒருத்தியே சறுக்கிப் பார்த்தேன். முதலாவதில் சறுக்கல் நீளம், ஆனால் அடியில் கருவேல முள். இரண்டாவதில் முள் இல்லை, பத்து மணிக்கே பாறை தொடையைச் சுட்டது. மூன்றாவது குட்டைதான், என்றாலும் வழவழவென்று இறக்கி மணலில் கொண்டுபோய் விட்டது, பக்கத்தில் ஒரு வேப்பமரமும் இருந்தது, "அண்ணே" என்று கத்தினால் என் குரலே திரும்பி வந்தது.

மாட்டுப் பொங்கலன்று இரண்டு சாக்குகளோடு அவனை அங்கே கூட்டிப்போனேன். புதுப் பேண்ட் போட்டிருந்தான். அவனுடைய முதல் பேண்ட்.

"நீ சறுக்கு பாப்பா. எனக்குப் பேண்ட் கிழிஞ்சிரும்" என்றான்.

"கிழியாதுண்ணே, நான் எம்புட்டுத் தடவ சறுக்கியிருக்கேன்."

அவன் வேப்பமரத்தடிக்குப் போனான். துணியில் மண் ஒட்டாமலிருக்க, அவனுக்கென்று நான் கொண்டுபோன சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.