சுபர்ணா பௌதி எழுந்து நடந்தாள்

வேலையோடு கூடவே அஷ்டமிக்கு ஒரு கூரையும் கிடைத்தது. அவளுக்கு அதுதான் பெரிது. புருஷன் துரத்திவிட்ட பிறகு கரியாஹாட் பாலத்தடியில் கிடந்தவள். பெண்கள் காப்பகத்தில் சேர்ந்த பின், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கவும், மரத்துப்போன கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் காப்பகத்தை நடத்தும் ரத்னா தீதி அவளுக்குக் கற்றுக்கொடுத்தாள். ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பும்போது காதோடு ஒன்று சொன்னாள்.

"பாலத்தடியில இருந்தேன்னு மட்டும் வாயத் தொறந்துடாதடி. ஒருத்தரும் வீட்டுக்குள்ள விடமாட்டாங்க. சோனார்ப்பூர்ல வீடுன்னு சொல்லு."

பக்கவாதத்தில் விழுந்த சுபர்ணாவின் கட்டிலருகே அஷ்டமிக்குப் பாய் விரிக்கப்பட்டது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது. முதன்முறையாகச் செருப்பைத் தலைக்கடியில் பதுக்காமல் தூங்கினாள்.

சுபர்ணாவுக்குக் கைகால் விழுந்ததே தவிர வாய் விழவில்லை. அஷ்டமி அவளை அண்ணி முறை வைத்து 'பௌதி' என்று கூப்பிட்டாள்.

"என்னடி, காலை மாவு மாதிரி பிசையற? லூச்சி சுடப் போறியா?"

"சுட்டா எண்ணெய் உங்களோடது பௌதி!"

ஒருநாள் காலையில் பௌதியின் கால் கட்டைவிரல் அசைந்தது. அஷ்டமி துள்ளிக் குதித்தாள். மறுநொடியே கட்டிலருகே கிடந்த தன் பாயைப் பார்த்தாள். இவள் எழுந்துவிட்டால்?

அதன்பின் அவள் கைகள் சோம்பின. "இன்னைக்கு அலுப்பா இருக்கீங்க, தூங்குங்க பௌதி" என்று தட்டிக்கழித்தாள். மூன்றாம் நாள் சுபர்ணா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு விசும்பினாள்.

"இனிமே தேறமாட்டேன்னு நீயும் கைவிட்டுட்டியா?"

அஷ்டமி ஓடிப்போய் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். எதற்காக அழுகிறாள் என்று சுபர்ணாவுக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து அஷ்டமி காலையும் மாலையும் பயிற்சியை விடவேயில்லை. தன் கூரையைத் தானே ஓடு ஓடாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பூஜை விடுமுறைக்கு முன்பே சுபர்ணா யார் கையையும் பிடிக்காமல் கூடம்வரை நடந்தாள். அவள் கணவர் நிருபம் பாபு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீ மனுஷியே இல்ல, தெய்வம்! உன் வீட்டை விட்டுட்டு எத்தனை மாசமா எங்களுக்காகக் கிடந்த! இனிமே உன்னைக் கட்டிப்போட்டா பாவம். நாளைக்கே கிளம்பு."

"சோனார்ப்பூர்ல உன்னை எதிர்பார்த்துட்டு இருப்பாங்க இல்ல?" என்றாள் சுபர்ணா, அவள் கன்னத்தைத் தடவி.

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை நாளும் தங்களோடு சாப்பிட்டுத் தூங்கியவள் தெருவில் கிடந்தவள் என்று தெரிந்தால் அந்தக் கை விலகிவிடுமே!

"ஆமா பௌதி" என்றாள்.

மறுநாள் காப்பகத்தில் ரத்னா தீதி புதிதாக வந்திருந்த பெண்கள் முன்னால் அவளை நிறுத்தினாள். "பாருங்க, படுத்த படுக்கையா கிடந்தவங்களை நடக்க வெச்சிட்டா!" எல்லோரும் கைதட்டினார்கள்.

"தீதி, ராத்திரி படுக்க..."

"வேலைக்குப் போனவங்க இடத்தை உடனே வேற ஆளுக்குக் கொடுத்துடணும்டி, அதான் விதி. ஒரு இடமும் காலியில்ல. அடுத்த நோயாளி வர்ற வரைக்கும் சமாளி. எப்படிப்பட்ட நோயாளி வேணும், சொல்லு."

அஷ்டமி யோசிக்கவேயில்லை.

"எழுந்திருக்கவே மாட்டாங்கன்னு டாக்டர் கைவிட்டவங்களா பார்த்துக் கொடுங்க தீதி."

கைதட்டிய பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொன்ன வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு, அவள் பாலத்தை நோக்கி நடந்தாள்.